இரண்டாம் பாகத்தில் அப்பா

பிப்ரவரி 4

என் தலைப்புச் செய்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடல்நிலை பொதுவாகத் தெளிவாகக் காணப்படுகிறது. இடது முழங்காலில் மட்டும் ஆங்காங்கே மிதமான வலி. உனக்கு எப்படி? தொண்டையைப் பார்த்துக்கொள். நம் இரண்டு பேருக்கும் அதுதான் சோறு போடுகிறது.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசினால் மகள் பேசுகிற மாதிரி இல்லை, நாட்டுக்கே அறிவிக்கிற மாதிரி இருக்கிறது. நானும் பயந்துபோய் 'வணக்கம்' சொல்லி வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் மேஜைமேல் கிடக்கும். வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஒன்றும் நடக்கவில்லை' படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள். நம் பழைய டைரக்டரின் மகன், செட்டில் உன்னோடு ஓடிப்பிடித்து விளையாடுவானே, அவன்தான் இப்போது டைரக்டர். தாடி எல்லாம் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, "அங்கிள், நீங்க இல்லாம ரெண்டாம் பாகம் எடுத்தா ஜனங்க என்னை அடிப்பாங்க" என்றான். "என்னை வச்சு எடுத்தாலும் அடிக்கலாம், அவசரப்படாதே" என்றேன்.

முதல் படத்தில் நான் என்ன செய்தேன்? அரசாங்க டிவியில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்கவில்லை என்பதை அரை மணி நேரம் வாசித்தேன். "இன்று குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இனி, விரிவான செய்திகள்." தியேட்டரில் விசில் பறந்தது. அப்புறம் ஒரு வருஷம் பஸ் கண்டக்டர்கூட நான் அதைச் சொன்னால்தான் டிக்கெட் கிழித்தார். இப்போது அதே ஆள் கிழவனாகி, இருபத்துநாலு மணி நேர சேனல் ஒன்றில் போய் மாட்டிக்கொள்கிறான். இப்போதும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் எல்லாரும் கத்துகிறார்கள். அதுதான் கதை.

நீ அந்தத் தொழிலிலேயே இருப்பவள். காதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறீர்களே, அதில் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள்? எழுது.

உன் அம்மா இருந்திருந்தால் "இந்த வயசுல இது தேவையா" என்று கேட்டுவிட்டு, அந்தக் கையோடு கோட்டைத் துவைக்கப் போட்டிருப்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மற்றவை உன் பதில் கண்டு.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

நான் சுகம், தொண்டையும் சுகம். முழங்கால் பற்றிய வானிலை அறிக்கை கிடைத்தது. டாக்டரிடம் போனால் அறிக்கை இன்னும் தெளிவாக இருக்கும்.

இரண்டாம் பாகம் என்றதும் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது. பள்ளி விடுமுறை, அம்மா வேலைக்குப் போய்விடுவார், என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நீங்கள் என்னை ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போய், செய்தி மேஜைக்கு அடியில் உட்கார வைத்து, "சத்தம் போட்டா நாட்டுக்கே கேட்கும்" என்று மிரட்டுவீர்கள். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது உங்கள் கால்கள் மட்டும்தான். மேலே கோட்டு, கீழே வீட்டில் போடும் பைஜாமா. குரல் பாறை மாதிரி இருக்கும். இடது கால் மட்டும் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். படம் வந்தபோது தியேட்டரே உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. நான் மட்டும் அந்தக் காலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் முதன்முதலில் செய்தி வாசித்த அன்று என் காலும் ஆடியது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காதில் பேசுபவரை நாங்கள் அசரீரி என்போம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒளிபரப்புப் பொறுப்பாளர். "அவரை விடாதே", "குறுக்கே பேசு", "இன்னும் சூடா", இவைதான் பெரும்பாலும் அருள்வாக்கு. திரையில் எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு தலை. எட்டும் ஒரே நேரத்தில் பேசினால் அன்றைக்கு விவாதம் அமோகம். ஒருநாள் ஒரு பெரியவர், "எதிர்த் தரப்பு சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டார். அசரீரி பதறிப்போய், "இவரை இனிமே கூப்பிடாதீங்க" என்றது.

இதை வைத்து உங்கள் டைரக்டர் ஒரு காட்சி எழுதிக்கொள்ளட்டும். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 10

என் தலைப்புச் செய்திக்கு,

நலம். முழங்காலில் வலி குறைந்து, கழுத்துப் பக்கமாக நகர்ந்திருக்கிறது.

அசரீரியைப் படித்துவிட்டு சின்ன டைரக்டர் துள்ளிக் குதித்தான். படத்தில் சேர்த்தாயிற்று. முக்கியமான காட்சி ஒன்று சொல்கிறேன் கேள். மதில்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. அதுதான் முக்கியச் செய்தி. எந்தப் பக்கம் குதிக்கும்? எட்டுக் கட்டத்தில் எட்டு நிபுணர்கள். ஒருவர் இடப்பக்கம் என்கிறார், ஒருவர் வலப்பக்கம் என்கிறார், ஒருவர் இது பூனையே இல்லை என்கிறார். நான் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "அதுக்கு யாராவது பால் வச்சீங்களா?" எட்டுப் பேரும் குனிந்து தாளைப் புரட்டுகிறார்கள். பூனை அங்கேயே தூங்கிவிடுகிறது.

ஒத்திகை ஒரு பழைய பிஸ்கட் கிடங்கில். இன்னமும் உள்ளே நுழைந்தால் பசிக்கிறது. மேக்கப்புக்கு, முதல் படத்திலும் போட்ட நம் பவுடர்தான் வந்திருக்கிறான். "அப்போ உனக்குச் சுருக்கம் வரையவே ஒரு மணி நேரம் ஆகும். இப்போ அந்த வேலை மிச்சம்" என்கிறான். பழைய கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கோட்டு அப்படியேதான் இருக்கிறது.

ஒன்பது மணிச் செய்தியில் கொஞ்ச நாளாக வேறொரு பெண் வருகிறாள். நன்றாகத்தான் கத்துகிறாள். நீ லீவா?

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பா,

நலம்தான். பதில் தாமதமாகிவிட்டது. என்னைக் காலைச் செய்திக்கு மாற்றியிருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே முடிந்துவிடும். அதைப் பார்ப்பதற்காக நீங்கள் தூக்கம் கெட்டு எழுந்திருக்க வேண்டாம்.

பூனைக் காட்சியைப் படித்து ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

அசரீரி பற்றி இன்னொன்று இருக்கிறது. படத்துக்கு ஆகாது, ஆனாலும் எழுதுகிறேன். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி. ஒரு குடியிருப்பில் தீ பிடித்து, மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவை நேரலையில் அவளோடு இணைத்தார்கள். "இப்போ எப்படி இருக்குன்னு கேளு" என்றது அசரீரி. கேட்டாள். அந்த அம்மா அழவில்லை. "காலைல சாப்பிடாம போனான்" என்று மட்டும் சொன்னார். அசரீரி சொன்னது: "அழல. இன்னொரு தடவை கேளு."

அவள் காதிலிருந்து அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "மன்னிச்சுருங்கம்மா, நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். கொஞ்ச நேரம் காலி நாற்காலிதான் ஒளிபரப்பானது. அப்புறம் அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

உங்கள் கழுத்து வலி இப்போது எங்கே நிலைகொண்டிருக்கிறது?

அன்புடன்,
உங்கள் மகள்


ஏப்ரல் 6

என் தலைப்புச் செய்திக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணைப் பார்த்தால் ஒன்று சொல். அவள் செய்ததைக் கேள்விப்பட்டால் அவளைப் பெற்றவன் நிமிர்ந்துதான் நடப்பான். வேலை போய்விட்டதே, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் கிடந்து தவிக்க வேண்டாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்த அப்பன்கள் யாரும் இதையெல்லாம் துருவிக் கேட்பதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். அது போதும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. நேற்று நம் பழைய டைரக்டரின் மகன் வீட்டுக்கு வந்தான். தாடி எல்லாம் வைத்திருக்கிறான். 'ஒன்றும் நடக்கவில்லை' படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்களாம். நான்தான் நடிக்க வேண்டுமாம். நீ என்ன நினைக்கிறாய்? உன் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

ஆமாம், காதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறீர்களே, அதில் யார் பேசுவது?

அப்பா


மே 2

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அதனால்தான் இத்தனை நாள்.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அன்றைக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

சின்ன டைரக்டர் வந்துபோன கதையை முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது முறையும் சுவை குறையவில்லை. அசரீரி பற்றி இன்னொரு தாளில் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள்.

வசனமெல்லாம் பாடமாகிறதா? தூக்கம் வருகிறதா? முழங்காலுக்குப் பார்க்கிற டாக்டரிடம், மற்றதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அப்பா. எதை என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பதில் போடுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

பவுடர் மாமா எழுதுவது. நானும் என் வீட்டாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விரும்புகிறேன். எனக்கு முகத்தில் எழுதித்தான் பழக்கம், காகிதத்தில் அவ்வளவு வராது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை என்று தெரியும். மேஜைமேல் பாதிக் கடிதங்களாகக் கிடக்கின்றன. எல்லாம் 'தலைப்புச் செய்திக்கு' என்பதோடு நிற்கிறது.

போன வாரம் முதல் நாள் ஷூட்டிங். கோட்டைப் போட்டு, பவுடர் தட்டி, உட்கார வைத்தேன். பூனைக் காட்சி. சின்னவன் 'ஆக்ஷன்' என்றான். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, ஆரம்பித்தார் பார். பழைய படத்து வசனம். 'இன்று குறிப்பிடும்படியாக' என்று தொடங்கி மூன்று பக்கம், ஒரு புள்ளி பிசகவில்லை. எங்கே இருமினாரோ அங்கே இருமினார். கிடங்கே எழுந்து நின்று கைதட்டியது. சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள் நமக்காக ஸ்பெஷலா பண்ணியிருக்கார்" என்றான்.

நான் பவுடர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் கை தட்ட முடியவில்லை. வேனில் திரும்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னப்பா, இன்னைக்கு எல்லாரும் எதுக்குக் கைதட்டினாங்க?"

மறுநாளிலிருந்து புதுவசனம் ஒரு வரிகூட நிற்கவில்லை. தொண்டை சரியில்லை என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? சின்னவனும் குழந்தையல்ல. வேறு ஆளைப் போட்டுவிட்டால் இவர் உடைந்துபோவார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். நீ நினைத்ததுதான்.

நீ பெரிய வேலையில் இருப்பவள். லீவு கிடைக்குமோ என்னவோ. தெரியப்படுத்துவது என் கடமை.

பவுடர் மாமா


ஜூன் 16

அன்புள்ள அப்பா,

நலமா? எனக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன்.

சின்ன டைரக்டரிடம் போனில் பேசினேன். அவர் படத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். இந்தக் காலத்துச் செய்தி வாசிப்பாளர் எவரும் எதையும் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்கு முன்னால் ப்ராம்ப்டர் என்று ஒரு கண்ணாடி இருக்கும். எழுத்து அதில் கீழிருந்து மேலாக ஓடும், அதைப் பார்த்துத்தான் வாசிப்போம். பார்க்கிறவர்களுக்கு, நேராகத் தங்களையே பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அது இல்லாமல் நீங்கள் வாசித்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அதுவும் தப்பான இடத்தில்.

அதை ஓட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். நான் ஓட்டுகிறேன். நீங்கள் உங்கள் வேகத்தில் வாசித்தால் போதும், எழுத்து உங்கள் பின்னால் வரும்.

"அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டேன். "அக்கா, அங்கிள் இல்லாம நான் இதை எடுக்க மாட்டேன். நீங்க வாங்க" என்றார்.

உங்கள் மகள்


ஜூன் 22

என் தலைப்புச் செய்திக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

உன் அறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். பவுடர் வந்து சுவருக்கு வெள்ளையடித்தான், முகத்துக்கு அடிப்பதைவிடச் சுமார்தான். ஜன்னலுக்குப் புதுத் துணி போட்டாயிற்று.

இரண்டு வாரம்தான் என்கிறாய். இருந்தாலும் எல்லாப் பெட்டிகளையும் கொண்டுவா. புத்தகங்களையும் கொண்டுவா. குளிர்காலத் துணிகளையும் விட்டுவிடாதே. வானிலையை நம்ப முடியாது.

அப்பா


ஜனவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பேரப்பிள்ளைகளோடு உங்களுக்கு அங்கே நன்றாகப் பொழுதுபோகிறது என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்றீர்களே, காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதீர்கள். படம் எப்படி இருந்தது, அப்பா என்ன சொன்னார், ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் காலை நேரம் நன்றாக இருக்கிறது. மாலையில் சில நாள் அம்மாவைத் தேடுகிறார். "வந்துருவாங்கப்பா" என்பேன். அதுவரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். நான் இங்கேயே ஒரு சின்ன வானொலி நிலையத்தில் காலைச் செய்தி வாசிக்கிறேன். அசரீரி கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

நீங்கள் இங்கிருந்து கிளம்பிப்போன இரண்டாவது வாரமே படம் வந்துவிட்டது. பகல் காட்சிக்குக் கூட்டிப்போனேன். பழைய தியேட்டர் இல்லை, அது இப்போது பர்னிச்சர் கடை. புதுத் தியேட்டரில் இருக்கை மெத்தை மாதிரி அமுங்குவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "தூங்கத்தான் லாயக்கு" என்றார்.

ஆனால் தூங்கவில்லை மாமா. சிரித்தார். பூனைக் காட்சியில் முன்சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் தியேட்டரில் எல்லாரையும்விட அவருக்குத்தான் படம் புதிதாக இருந்தது. பாதியில் என் பக்கம் சாய்ந்து, "யாரு இந்த ஆளு? பிரமாதமா பண்றான்" என்றார். "பழைய நடிகர்பா" என்றேன். "அதான் பார்த்தேன். அவசரமே படல பாரு" என்றார்.

ஷூட்டிங்கின்போது ஒருநாள் அவர் குரல் கம்மியதைப் பார்த்து, ப்ராம்ப்டரில் செய்திக்கு நடுவே 'தண்ணீர் குடிங்கப்பா' என்று தட்டிவிட்டேனே, அதையும் அவர் கணீரென்று நாட்டு மக்களுக்கு வாசித்துவிட்டாரே, அந்த இடத்தைச் சின்னவன் வெட்டவே இல்லை. படத்தில் எட்டுப் பேரும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது அப்பா கேமராவைப் பார்த்து அதைச் சொல்கிறார். எட்டுப் பேரும் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு தம்ளர் எடுத்துக் குடிக்கிறார்கள். அதற்குத்தான் தியேட்டரில் கைதட்டல் அதிகம்.

படம் முடிந்தது. விளக்குப் போட்டார்கள். ஜனம் எழுந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன், அவர் வரவில்லை. திரையில் பெயர்கள் கீழிருந்து மேலாக ஓட ஆரம்பித்திருந்தன. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வாசிக்கத் தொடங்கினார்.

அதே குரல் மாமா. நடிகர்கள், எடிட்டர், லைட் பிடித்தவர்கள், வேன் ஓட்டியவர், சாப்பாடு கொண்டுவந்தவர், ஒருவர் பாக்கியில்லை. ஒவ்வொரு பெயரையும், அந்த ஆளுக்கு ஏதோ நாட்டின் பெரிய விருது கிடைத்த மாதிரி வாசித்தார். தன் பெயரையும் அப்படித்தான் வாசித்துவிட்டுப் போனார். மேக்கப் என்று போட்டு உங்கள் பெயர் வந்தது. உங்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். சிலர் உட்கார்ந்துவிட்டார்கள்.

ப்ராம்ப்டரில் அவர் நின்றால் நானும் நிறுத்துவேன். சினிமாத் திரைக்கு அதெல்லாம் தெரியாது, பெயர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் அவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'ப்ராம்ப்டர்' என்று போட்டு என் பெயர் வந்திருந்தது. வாசித்தார். மறுபடி வாசித்தார். அதற்குள் மேலே பத்துப் பதினைந்து பேர் வாசிக்கப்படாமலே போய்விட்டார்கள், பாவம்.

அவருக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். திரையைக் காட்டினார். அப்புறம் என்னைக் காட்டினார்.

"இவதான்" என்றார்.

கடிதம் நீண்டுவிட்டது. மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பவுடர் எங்கே, பவுடர் எங்கே என்று அப்பா தினமும் காலையில் கேட்கிறார். கோடைக்குள் ஒருமுறை வந்துபோங்கள்.

அன்புடன்,
பாப்பா